ஒத்திகைக்கு ஒரு துணை

2001ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை, கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில், ஒரு படப்பிடிப்புக் குழு முழுவதும் மழை ஓய்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தது. அரங்கின் தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சல் ஒலிப்பதிவில் ஏறிவிடும் என்பதால் வசனக் காட்சி எதையும் எடுக்க முடியவில்லை. விளக்குகள் அணைக்கப்பட்டு, பணியாளர்கள் தேநீருடன் ஆங்காங்கே உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், நகலெடுத்த சூடு ஆறாத இரண்டு தாள்களை உதவி இயக்குநர் என் கையில் கொடுத்தார். அவற்றில் இருபத்திரண்டு வரிகள் என்னுடையவை. தொலைக்காட்சித் தொடரில் அதுதான் என் முதல் நாள். ஒத்திகை எப்போது என்று கேட்டேன். அந்த இளைஞர் மிகுந்த மரியாதையுடன், "மழை நிற்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது, மேடம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த நடிகரிடம் போனார்.

மழை பதினைந்து நிமிடத்தில் நின்றுவிட்டது.

அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் நான் அறிந்திருந்த நடிப்பு வேறு விதமானது. ஒரு நாடகத்துக்கு நாற்பது நாள், சில சமயம் அறுபது நாள் ஒத்திகை நடக்கும். முதல் வாரம் உட்கார்ந்து வாசிப்போம். இரண்டாம் வாரம் எழுந்து நிற்போம். மூன்றாம் வாரத்தில்தான் கையை எங்கே வைப்பது என்ற சங்கடம் தீரும். எதிரே நிற்பவரின் மூச்சு எப்போது மாறுகிறது, அவர் எந்தச் சொல்லில் தயங்குகிறார் என்பதெல்லாம் உடம்பில் படிவதற்கு அத்தனை நாள் தேவைப்படும். நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவர் ஒருவர் இருப்பார். அவர் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் வாசிப்பவர் துணிந்து எங்கும் போய்விட்டுத் திரும்ப முடிகிறது. ஒத்து என்ற அந்தச் சொல்லும் ஒத்திகை என்ற சொல்லும் என் மனத்தில் எப்போதும் சேர்ந்தே ஒலிக்கின்றன.

மேடையிலிருந்து திரைக்கு வருபவர்களைப் பற்றி இத்துறையில் வழக்கமாகச் சொல்லப்படும் குறை, அவர்கள் "கொஞ்சம் அதிகமாக" நடிப்பார்கள் என்பதாகும். குரலைக் குறை, கண்ணைச் சுருக்கு, கையை அடக்கு என்று எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் ஒரு மாதத்தில் சரியாகிவிடக்கூடிய விஷயம். எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தது வேறொன்று: ஒத்திகை என்பதே இல்லாத ஒரு தொழிலில், என் ஒத்திகையை எங்கே, யாருடன் செய்துகொள்வது என்பதைக் கண்டுபிடிப்பது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அதைச் சொல்ல என் அப்பாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 1966இல் பம்பாய்க்கு வந்தவர். துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்ளும் பணி அது. வடாலாவில் துறைமுகக் குடியிருப்பில் எங்கள் வீடு இருந்தது. சென்னையிலிருந்து சபா நாடகக் குழுக்கள் வரும்போதெல்லாம், மும்பையின் மிகப் பெரிய அரங்குகளில் ஒன்றான சண்முகானந்தா மண்டபத்துக்கு என்னையும் அழைத்துச் செல்வார். 1990இல் அந்த மண்டபம் தீப்பிடித்து எரிந்தபோது, நெருங்கிய உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைப் போல அவர் கலங்கியது எனக்கு நினைவிருக்கிறது. 1998இல் அது மீண்டும் திறக்கப்பட்ட பிறகு நாங்கள் சேர்ந்துதான் போய்ப் பார்த்தோம்.

குடியிருப்பிலும் அக்கம்பக்கத்திலும் இருந்த தமிழ் மன்றங்கள் பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் நாடகம் போடும். பகலில் கணக்கெழுதியும் கிரேன் ஓட்டியும் களைத்தவர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். அப்பா ஒரு நாடகத்தில்கூட நடித்ததில்லை. அவர் பிராம்ப்டர். பக்கத் திரைக்குப் பின்னால், ஒரு கையில் பிரதியும் மறு கையில் கைக்குட்டை சுற்றிய டார்ச்சுமாக நின்று, நடிகர் தடுமாறும் நொடியில் அடுத்த சொல்லின் முதல் அசையை மட்டும் எடுத்துக் கொடுப்பார். முழு வரியையும் சொல்லிவிட்டால் நடிகனின் முகம் செத்துவிடும் என்பது அவர் கொள்கை. நான் எட்டு வயதிலிருந்து அவர் காலடியில் உட்கார்ந்து நாடகம் பார்த்தவள். மேடையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு, பேசுபவரை விடக் கேட்பவரின் முகமே அதிகம் தெரியும். நடிப்பில் நான் கற்ற முதல் பாடம் அந்த இடத்திலிருந்து பார்த்ததால் வந்தது என்றே நம்புகிறேன்.

1994இல் தில்லி தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். தேர்வுக்கு இந்தியில் ஒரு நாடகப் பகுதியைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. மும்பையில் வளர்ந்ததால் இந்தி சரளமாக வந்தது. ஆனால் அது தெருவின் இந்தி. எதிர்ப்பாத்திரத்தின் வரிகளைச் சொல்ல ஆள் இல்லை. அப்பாவுக்குத் தேவநாகரியை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க முடியும். எனவே அந்த வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். பழைய சுலோகப் புத்தகங்களில் க, ச, ட, த, ப எழுத்துகளின் தலையில் 2, 3, 4 என்று எண் போட்டு வடமொழி ஒலிகளை வேறுபடுத்தியிருப்பார்களே, அதே முறையில் எண்களும் இட்டேன். அப்பா அடுப்படி வாசலில் உட்கார்ந்து, மூட்டை எண்ணும் கவனத்தோடு ஒவ்வொரு எண்ணையும் பார்த்து உச்சரிப்பார். முப்பது நாள் அப்படி நடந்தது. அம்மாவுக்கு இந்தப் படிப்பு சோறு போடுமா என்ற கவலை இருந்தது. அது நியாயமான கவலை என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

தில்லியின் மண்டி ஹவுஸ் பகுதியில், பகவான் தாஸ் சாலையிலுள்ள பஹாவல்பூர் ஹவுஸில் அந்தப் பள்ளி இயங்குகிறது. 1959இல் சங்கீத நாடக அகாதெமியின் கீழ் தொடங்கி, 1975இல் தன்னாட்சி பெற்ற நிறுவனமானது. 1962 முதல் 1977 வரை அதன் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காஸி, பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளிலும் புராணா கிலாவின் மதில்களுக்கு நடுவிலும் நாடகங்களை நிகழ்த்தியவர். நான் சேர்ந்தபோது அவர் போய்ப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் முன்னதாக வருவது, மேடையைத் தானே பெருக்குவது, இன்னொருவர் ஒத்திகை நடக்கும்போது பேசாமல் இருப்பது ஆகிய அவருடைய கட்டுப்பாடுகளை எங்கள் ஆசிரியர்கள் அவர் பெயரைச் சொல்லியே நடைமுறைப்படுத்தினார்கள்.

எங்கள் வகுப்பில் இருபது பேர் அளவில் இருந்தோம். மணிப்பூரிலிருந்து, அசாமிலிருந்து, பீகாரிலிருந்து, கர்நாடகத்திலிருந்து வந்த எங்களுக்கு இந்தி ஏறத்தாழ எல்லோருக்குமே இரண்டாம் மொழி. குரல் பயிற்சி வகுப்பில் நான் பட்ட பாடு அதிகம். ஒலிகளை எண் போட்டுக் கற்றவளுக்கு உருதுச் சொற்களின் மெல்லிய ஒலி வேறுபாடுகளும், இந்திப் பெயர்ச்சொற்களின் பாலும் தனியாகச் சிரமம் தந்தன. நாற்காலி பெண்பால், கதவு ஆண்பால் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பாலை நினைவில் வைத்திருக்க வேண்டும். உயிரற்ற பொருள்களையெல்லாம் அஃறிணையில் அடக்கிவிடும் மொழியிலிருந்து வந்தவருக்கு இது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதைத் தமிழர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

நாட்டிய சாஸ்திரத்தின் ரசங்களைப் பற்றிப் பாடம் நடந்த வாரத்தில் அப்பாவுக்கு அது குறித்துக் கடிதம் எழுதினேன். பதிலில் அவர், தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கூறும் எட்டையும் வரிசையாக எழுதி அனுப்பினார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. "மெய்யில் தோன்றினால்தான் மெய்ப்பாடு" என்று கீழே ஒரு வரி. அந்தக் கடிதத்தை மூன்று ஆண்டுகளும் என் பெட்டியில் வைத்திருந்தேன். மனத்தில் இருப்பது உடம்பில் தோன்றுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதுதான் அந்தப் பள்ளியில் நான் கற்றது முழுவதும் என்று சொல்லலாம்.

1997இல் மும்பைக்குத் திரும்பினேன். அடுத்த நான்கு ஆண்டுகள் நாடகத்தில் நடித்தேன். ஒரு காட்சிக்கு 300 ரூபாய் கிடைத்தால் அது நல்ல நாள். ஜுஹுவில் 1978இல் திறக்கப்பட்ட பிருத்வி தியேட்டரில் முதல்முறை நின்ற மாலையை நான் மறக்க முடியாது. இருநூறு பேர் மட்டுமே அமரக்கூடிய அரங்கு. பார்வையாளர்கள் மூன்று பக்கமும் சூழ்ந்து உட்கார்ந்திருப்பார்கள். முதல் வரிசையில் இருப்பவரின் காலணி நுனிக்கும் என் பாதத்துக்கும் நடுவே சில அடிகள்தான் இடைவெளி. கண்ணிமையைத் தூக்கினால்கூட அவர்கள் பார்த்துவிடுவார்கள். மேடை நடிகர் என்றால் கடைசி வரிசைக்குக் கத்துபவர் என்று எண்ணுபவர்கள் ஒரு முறையாவது அங்கே போய் உட்கார வேண்டும். நடிப்பைச் சிறிதாக்கும் கலையை நான் கேமராவுக்கு முன்னால் கற்கவில்லை, பிருத்வியில் கற்றேன்.

பகலில் ஆடிஷன்கள். அந்தேரி மேற்கில், வெர்சோவாவின் ஆராம் நகரில், பழைய ஓட்டு வீடுகளில் நடிகர் தேர்வு அலுவலகங்கள் வரிசையாக உண்டு. பெயர், உயரம், வயது சொல்ல வேண்டும். இடப்பக்கம், வலப்பக்கம் திரும்ப வேண்டும். கைகளை முன்னும் பின்னும் காட்ட வேண்டும். கதவைத் திறந்ததுமே "நாட் ஃபிட்" என்று அனுப்பிவிடுபவர்களும் உண்டு. என் பெயரையும் நிறத்தையும் பார்த்தவர்கள் எனக்கென்று ஒரே வகைப் பாத்திரத்தை வைத்திருந்தார்கள்: கொண்டையில் கட்டுப் பூவும் நெற்றியில் பெரிய பொட்டுமாக, சொல்லுக்குச் சொல் "அய்யோ" என்று கூவும் "மதராஸி" அண்டைவீட்டுப் பெண். மூன்று ஆண்டுகள் உழைத்துச் சீராக்கிய என் இந்தியை, எந்தத் தமிழரும் பேசாத ஒரு கொச்சையாக மாற்றிப் பேசும்படி கேட்டார்கள். வாடகைக்காக இரண்டு முறை அப்படிப் பேசினேன். அந்த இரண்டு நாட்களும் இன்றும் எனக்கு வலிக்கின்றன.

மூன்றாவது முறை, எங்கள் குடியிருப்பில் முப்பது ஆண்டுகளாக இந்தி பேசிவந்த என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டு போனேன். பெரியம்மா ஒருபோதும் "அய்யோ" என்று கூவியதில்லை. அவர் மிக நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் முழுதாக முடித்துப் பேசுவார். பாலில் மட்டும் தவறுவார். "அவன் வந்தாள்" என்பதற்கு நிகரான இந்தியை எவ்விதத் தயக்கமும் இல்லாமல், ஒரு குடும்பத் தலைவியின் அதிகாரத்தோடு சொல்வார். எதிரே நிற்கும் காய்கறிக்காரர் திருத்தத் துணியமாட்டார். நான் அவரைப் போலவே பேசிக் காட்டினேன். அறையில் இருந்தவர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு அந்த இயக்குநர், "இவரை எனக்குத் தெரியும், என் கட்டடத்தில் இருக்கிறார்" என்றார். எனக்கு முதல் தொடர் கிடைத்தது அப்படித்தான். பெரியம்மாவைக் கவனிப்பதற்கு எனக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் கிடைத்திருந்தன. அது ஒரு நீண்ட ஒத்திகை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

2000ஆம் ஆண்டுக்குப் பிறகு இந்தித் தொலைக்காட்சியைத் தினசரித் தொடர்கள் முழுமையாக ஆட்கொண்டன. அதன் வேலைமுறையை வெளியில் இருப்பவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு நாள் ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரம். இரண்டு அல்லது மூன்று கேமராக்கள் ஒரே சமயத்தில் ஓடும். ஒளிபரப்புக்கு முன்பாகச் சில அத்தியாயங்களாவது கையிருப்பில் இருக்க வேண்டும். அதை "பேங்க்" என்பார்கள். பேங்க் குறைந்துவிட்டால் இரவு பகல் பாராமல் எடுப்பார்கள். கதை ஒரு "டிராக்" ஆக ஓடும். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தால் டிராக் முடிந்துவிடும், அதனோடு உங்கள் வேலையும் முடியலாம். சில காலத்துக்குப் பிறகு வியாழக்கிழமை தோறும் டி.ஆர்.பி. கணக்கு வருவது வழக்கமானது. அன்று காலை ஒப்பனை அறையில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். கதை திடீரென்று இருபது ஆண்டு தாவினால் அதற்கு "லீப்" என்று பெயர். அப்படி ஒரு லீப்பில், முப்பத்திரண்டு வயதில், என்னைவிட ஐந்து வயதே இளைய நடிகருக்கு நான் தாயானேன். சம்பளம் தொண்ணூறு நாள் கழித்துத்தான் கைக்கு வரும். முதல் மூன்று மாதங்களை எப்படிக் கடப்பது என்பதை யாரும் எந்தப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. எனக்கு அப்பாவின் சம்பளம் இருந்தது.

அந்த முதல் நாளில், மழை நின்ற பிறகு, இருபத்திரண்டு வரிகளையும் பிழையின்றிச் சொல்லிவிட்டேன். இரண்டாவது டேக்கில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அந்தப் பெண் யாரென்று தெரியாமலேயே அவளுடைய சொற்களைச் சொன்னேன் என்ற உறுத்தல் வீடுவரை வந்தது. அப்பா, "நாளைக்கு எத்தன வரி?" என்று கேட்டார். காலையில்தான் தருவார்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப வரிய விட்டுரு. ஆளப் படி" என்றார்.

அன்றிரவே ஒரு நூறு பக்க நோட்டுப் புத்தகம் எடுத்தோம். அவர் கேள்வி கேட்டார், நான் பதில் எழுதினேன். இவள் காலையில் எழுந்ததும் முதலில் எந்த அறைக்குப் போவாள்? வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும்? யாரிடம் பணம் கடன் வாங்கியிருக்கிறாள், அதை யாருக்குத் தெரியாமல் வைத்திருக்கிறாள்? மூத்த மருமகளை எப்படிக் கூப்பிடுவாள், கோபத்தில் எப்படிக் கூப்பிடுவாள்? மூட்டைகளை எண்ணிப் பழகிய மனிதரின் கேள்விகள் அவை. ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. தாளில் என்ன வரி வந்தாலும், அதைச் சொல்பவளை எனக்கு முன்பே தெரிந்திருக்கும்படி ஆயிற்று. இன்று என்னிடம் அப்படி இருபத்தேழு நோட்டுகள் உள்ளன, ஒரு பாத்திரத்துக்கு ஒன்று. நான்கு நாள் வந்து போன பாத்திரங்களுக்கும் உண்டு.

மீதி ஒத்திகை ரயிலில் நடந்தது. வடாலா ரோடிலிருந்து அந்தேரிக்கு ஹார்பர் ரயில் நேராகப் போகும். கிங்ஸ் சர்க்கிள், மாஹிம், பாந்த்ரா, கார், சாந்தாகுரூஸ், விலே பார்லே, அந்தேரி. பெண்கள் பெட்டியில் கதவோரம் நின்றுகொண்டு, பாந்த்ரா வரும்வரை அவளுடைய நடையையும், விலே பார்லேவரை அவளுடைய மூச்சையும் எனக்குள் ஓட்டிப் பார்ப்பேன். வாய் அசையாது. பட்டாணி உரித்துக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் வரும் பெண்களின் கைகளிலிருந்து எத்தனையோ எடுத்திருக்கிறேன். அந்தேரியில் இறங்கி மேற்கு ரயில் மாறி கோரேகாவ் போக வேண்டியிருந்தது. 2018இல் ஹார்பர் ரயில் கோரேகாவ் வரை நீண்டபோது எனக்குக் கூடுதலாகச் சில நிமிடங்கள் தடையில்லாமல் கிடைத்தன. என் வேலைக்கு மும்பை செய்த மிகப் பெரிய உதவியாக அதை நான் கருதுகிறேன்.

எங்கள் பள்ளியிலிருந்து வந்து பெயர் பெற்றவர்களின் கதைகளைப் பத்திரிகைகள் பெரும்பாலும் காத்திருப்பின் கதைகளாகவே எழுதுகின்றன. இர்ஃபான் கான் 1987இல் பள்ளியை முடித்தார். பெரிய திரையில் முதன்மைப் பாத்திரத்தில் உலகம் அவரைக் கவனித்தது 2001இல். இடைப்பட்ட ஆண்டுகளில் பெரும் பகுதியைத் தொலைக்காட்சித் தொடர்களில் கழித்தார். நவாசுதீன் சித்திகி முடித்தது 1996இல், பங்கஜ் திரிபாதி முடித்தது 2004இல். இருவரையும் நாடறியச் செய்த படம் 2012இல் வந்தது. பதினான்கு ஆண்டு, பதினாறு ஆண்டு, எட்டு ஆண்டு. இந்த எண்களை வீரக் கதைபோலச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதே ஆண்டுகளில் அவர்களுக்கு இணையான திறமையோடு இருந்த பலர் ஊர் திரும்பினார்கள். என் வகுப்பிலேயே இருந்தார்கள். நான் கேட்க விரும்பும் கேள்வி, அந்த நீண்ட ஆண்டுகளில் கருவி துருப்பிடிக்காமல் எப்படி வைத்திருந்தார்கள், யாரோடு பயின்றார்கள் என்பதுதான். நசீருத்தீன் ஷாவும் ஓம் புரியும் நாடகப் பள்ளியை முடித்த பிறகு புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய் மறுபடியும் மாணவர்களாக உட்கார்ந்தார்கள் என்ற செய்தி எனக்கு மற்றவற்றைவிடப் பெரிதாகப் படுகிறது.

என் மனம் எப்போதும் போய் நிற்பது சுரேகா சீக்ரியிடம். அவர் 1970களின் தொடக்கத்தில் பள்ளியை முடித்து, அதன் நிரந்தர நாடகக் குழுவான ரெபர்ட்டரியில் பத்தாண்டுக்கும் மேல் மேடையில் நடித்த பிறகே மும்பைக்கு வந்தார். சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதை மூன்று முறை பெற்றார். முதலாவது, தேசப் பிரிவினையைப் பற்றி 1988இல் தூர்தர்ஷனில் வந்த 'தமஸ்' படைப்புக்காக; மூன்றாவது, 2018இல் வெளிவந்த 'பதாயி ஹோ' படத்துக்காக. நடுவில், 2008இல் தொடங்கிய ஒரு தினசரித் தொடரில் ஆண்டுக்கணக்கில் குடும்பத்து மூதாட்டியாக நடித்தார். தினசரித் தொடர் என்றாலே தரம் தாழ்ந்தது என்று என்னிடம் சொல்பவர்களுக்கு, அந்தத் தொடரில் அவர் வாய் திறவாமல் பிறர் பேசுவதைக் கேட்கும் காட்சிகளைப் பாருங்கள் என்பேன். எத்தனை பேர் அவசரப்பட்டாலும் அவர் முகத்தில் அவசரம் இருக்காது. நானும் அம்மா, பெரியம்மா, மாமியார் வேடங்களில் மூழ்கியிருந்த காலம் அது. இரவில் வீடு திரும்பிய பிறகு சோறு உண்டுகொண்டே அவரைப் பார்ப்பேன். 2021 ஜூலையில் அவர் மறைந்தார். அவரை நேரில் ஒருமுறைகூடச் சந்திக்காமல் போனது என் வருத்தம்.

2011இல் எனக்கு ஒரு திரைப்படத்தில் நான்கு காட்சிகள் கொண்ட பாத்திரம் கிடைத்தது. முழுத் திரைக்கதையும் மூன்று வாரம் முன்பே வந்தது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு என் கையில் முழுப் பிரதி ஒன்று! அப்பா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்; நாங்கள் ஆன்டாப் ஹில்லில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டுக்கு மாறியிருந்தோம். நான் மறுபடியும் எதிர்ப்பாத்திரத்தின் வரிகளைத் தமிழில் எழுதி, தலையில் எண்கள் போட்டேன். மூன்று வாரமும் நான்கு காட்சிகளையும் வரிசையாக, நாடகம் போல, தொடக்கம் முதல் முடிவு வரை ஓட்டினோம்.

படப்பிடிப்பின் முதல் நாள் எடுத்தது என்னுடைய கடைசிக் காட்சியை. கணவர் இறந்த செய்தியைக் கேட்டுப் பல மாதங்களான பின், அவருடைய பழைய நண்பர் வீட்டுக்கு வரும் காட்சி. செய்தியைக் கேட்கும் காட்சியை எட்டு நாள் கழித்துத்தான் எடுத்தார்கள். திரைப்படத்தில் இது அன்றாட நடைமுறை. இடமும் நடிகர்களின் தேதிகளும் காட்சிகளின் வரிசையைத் தீர்மானிக்கின்றன. மேடையில் இரண்டு மணி நேரத்தில் ஒரே மூச்சாக ஏறி இறங்கும் உணர்ச்சியை, இங்கே துண்டுகளாக்கி, நடுவிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்னர் படத்தொகுப்பாளர் அவற்றைக் கோப்பார். மேடையில் வளர்ந்தவருக்கு உண்மையான இழப்பு இதுவே: பாத்திரத்தின் முழு வடிவமும் அவர் கையில் இருக்காது. ஆனால் மூன்று வாரம் வரிசையாக ஓடியிருந்ததால், எந்த இடத்தில் வெட்டி எடுத்தாலும் அதற்கு முன்னால் நடந்தது என் உடம்பில் இருந்தது. தேநீர்க் குவளையை எந்தச் சொல்லில் எடுத்தேன், எந்தச் சொல்லில் வைத்தேன் என்பதை அடுத்த கோணத்திலும் மாறாமல் செய்ய முடிந்தது. கன்டினியூட்டி பார்க்கும் பெண் தன் குறிப்பேட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

ஒளிப்பதிவாளர் எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னும் என்ன லென்ஸ் என்று கேளுங்கள் என்றார். 35 மி.மீ. என்றால் இடுப்பும் கையும் உள்ளே இருக்கும், உடம்பால் பேசலாம். 85 என்றால் முகம்தான், அதிலும் தலையைச் சற்று அசைத்தால் கூர்மை போய்விடும். அது எனக்கு அரங்கின் அளவைத் தெரிந்துகொள்வது போலவே இருந்தது. சண்முகானந்தாவா, பிருத்வியா என்று கேட்டுவிட்டுக் குரலை வைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. படப்பிடிப்பிலேயே ஒலியைப் பதிவுசெய்யும் முறையும் அப்போது பரவியிருந்தது. 2001இல் வந்த 'லகான்' அந்த முறையில் பதிவானதற்குப் பிறகு இந்திப் படங்களில் அது வேகமாக வளர்ந்தது. அந்த நொடியின் மூச்சும் குரலும் அப்படியே நிற்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய வரம்.

சென்னைக்குத் தமிழ்த் தொடர் ஒன்றுக்காக 2014இல் போனபோது இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டேன். அங்கே உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று வசனத்தை வரிவரியாக உரக்கச் சொல்ல, நடிகர்கள் அதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னார்கள். குரல் பிறகு டப்பிங்கில் சேர்ந்தது. முதல் நாள் எனக்குப் பேச்சே எழவில்லை. இன்னொருவர் குரல் காதில் விழும்போது எதிரில் இருப்பவரை எப்படிக் கேட்பது? என்னோடு நடித்த ஒருவர், சென்னை நாடகக் குழுவில் பயின்றவர், ஆறுதலாகப் பேசினார். 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை பசுபதியையும் குரு சோமசுந்தரத்தையும் போன்ற நடிகர்களைத் தந்த ஊர் அது. உடம்பைப் பழக்குவதற்கு அங்கே இன்றும் இடங்கள் இருக்கின்றன என்றார். இரவு அப்பாவைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். "முழு வரியையுமா சொல்லிக் கொடுக்காங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தத் தம்பிகிட்ட மொத அசைய மட்டும் சொல்லச் சொல்லு. மிச்சம் உனக்கு வரும்" என்றார். மறுநாள் அந்த உதவி இயக்குநரிடம் அப்படியே கேட்டுக்கொண்டேன். இருபத்து மூன்று வயதிருக்கும் அவருக்கு. வேறு எவரும் கேட்காத அந்த வேண்டுகோளை அவர் பன்னிரண்டு நாளும் மறக்காமல் நிறைவேற்றினார்.

இப்போது இணையத் தொடர்கள் வந்துவிட்டன. அவற்றில் சில குழுவினர் படப்பிடிப்புக்கு முன்பு நடிகர்களை ஓர் அறையில் கூட்டி வாசிக்க வைக்கிறார்கள். முதன்முறை அப்படிப்பட்ட அழைப்பு வந்தபோது, அந்தேரியில் ஒரு மாடியறையில், பாயில் வட்டமாக உட்கார்ந்து பத்துப் பேர் பிரதியைப் புரட்டும் ஓசையைக் கேட்டு என் கண்கள் நிறைந்தன. அது ஒரே ஒரு நாள்தான். அந்த ஒரு நாளைப் பெறுவதற்காக இன்றைய இளம் நடிகர்கள் கேட்கவும் வாதாடவும் வேண்டும் என்று விரும்புகிறேன். ஊதியத்தையும் நேரத்தையும் கேட்பது போலவே ஒத்திகையையும் ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும். ஆடிஷன்களில் சந்திக்கும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டால், முகப் படங்களுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் உங்களுக்கு எதிர்வரி சொல்ல ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்கிறேன். அவர் நடிகராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயதாகிறது. கண்ணழுத்த நோயால் பார்வை ஏறத்தாழ முழுவதும் போய்விட்டது. எண்கள் போட்டு எழுதித் தந்தாலும் அவரால் இனி வாசிக்க முடியாது. இந்த மார்ச் மாதத்தில் நான்கு பக்கக் காட்சி ஒன்று வந்தது. மகனிடம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளும் தாய். இரண்டு பேருடைய வரிகளையும் நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கட்டிலில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் மாலை, நான் என் வரியை முடித்து மகனின் வரிக்காக வாயெடுக்கும் முன், கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. மகனின் வரியை, இந்தியில், ஒவ்வோர் எண்ணும் அதனதன் இடத்தில் ஒலிக்க, முழுதாகச் சொன்னார். நான் பதில் சொன்னேன். அவர் அடுத்த வரியைச் சொன்னார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"ஏளா, இங்க நீ மூச்சு வாங்கக் கூடாது. அவன் இன்னும் பேசி முடிக்கல."

முதல் வரியிலிருந்து மறுபடியும் தொடங்கினோம்.